ஸக்கியா கேட்ட கிறவல்

ஸக்கியாவைப் பற்றிச் சொல்லப் போனால் விளக்குமாற்றில்தான் தொடங்க வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் வெளியேற வேண்டும் என்ற உத்தரவில் மன்னாரை விட்டு எல்லாரும் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வள்ளம் ஏறியபோது அவளுக்கு இருபத்தாறு வயது. கற்பிட்டியில் இறங்கி, கண்டக்குழிக்குப் போகும் பாதையோரத் தென்னந்தோப்பில் கிடுகுக் கொட்டில் போட்ட மறுநாளே, விழுந்து கிடந்த ஓலையைக் கிழித்து, ஈர்க்கு வார்ந்து, ஒரு விளக்குமாறு கட்டிவிட்டாள். அந்த அகதி முகாமில் அரிசி இல்லாத நாள் இருந்தது. ஸக்கியா வாசல் கூட்டாத நாள் இருக்கவில்லை. “இந்தப் பொம்புளைக்கி மண்ணோட என்ன பகையோ” என்று பக்கத்துக் கொட்டில்காரிகள் சிரிப்பார்கள். பகையெல்லாம் ஒன்றுமில்லை. என்னுடையது என்று சொல்ல அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்த வாசல் ஒன்றுதான்.

கொட்டில் கல்வீடானது. யுத்தம் முடிந்தது. ஊருக்குத் திரும்பலாம் என்றார்கள். போய்ப் பார்த்தால் வீடிருந்த இடத்தில் ஆளுயரக் காடு. பேசாமல் திரும்பி வந்து இங்கேயே வேலியைப் புதுப்பித்தார்கள். இருபத்தேழு வருடம் கூட்டிய கூட்டில் ஸக்கியாவின் முதுகு போய்விட்டது. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது.

அவளுடைய புருஷன் ஸலாஹுதீன் கருவாட்டு வியாபாரி. மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மதுரங்குளி வரைக்கும் போய் விற்றுவிட்டு வருவார். முகாம் காலத்தில் பள்ளிவாசலுக்கு முதல் கம்பு நட்டவர்களில் அவரும் ஒருவர். ஒரு நாள் காலை தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்த கை அப்படியே தொங்கிப்போனது. இடப் பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஜமாஅத்துக்காரர்கள் நல்ல சக்கரக் கதிரை ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள்.

பள்ளிவாசல் எங்கே இருக்கிறது என்கிறீர்கள்? அவர்கள் வீட்டுக் கேற்றுக்கு நேர் எதிரே, தார் ரோட்டுக்கு அந்தப் பக்கம். கேற்றைத் தாண்டிவிட்டால் கதிரை தானாக ஓடும். ஆனால் வீட்டுப் படியிலிருந்து கேற்றுக்கு நாற்பது அடி மணல். ஸக்கியா கூட்டிக் கூட்டி மாவு போலாக்கி வைத்திருந்த மணல். அதில் இறங்கினால் சக்கரம் அச்சு வரைக்கும் புதையும். பதினொரு மாதம் ஸலாஹுதீன் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகவில்லை. கட்டிலோடு தூக்கிப்போக நாலு பேர் வந்தார்கள். அவர் விடவில்லை.

“மய்யித்தாக் குழிக்குப் போறப்பத் தூக்குங்க. இப்ப வேணாம்” என்றார்.

ஸக்கியாவுக்கு அதற்குப் பிறகு ஒரே ஒரு ஆசைதான். கிழமைக்கு ஒரு தடவையாவது மனுசன் தன் கதிரையில் இருந்தபடி பள்ளிக்குப் போய் வர வேண்டும். இதை மகன் ஸியாத்திடம் அவள் சொல்லவில்லை. தகப்பனுக்குக் கை கால் விழுந்தது அவனுக்குத் தெரியும், பள்ளிக்குப் போக முடியாமல் கிடப்பது தெரியாது. “என்னப் பத்தி ஒண்டும் சொல்லாத. புள்ள அங்க வெயில்ல காயுறான்” என்று ஸலாஹுதீன் வாயைக் கட்டியிருந்தார். ஆகவே கட்டாரிலிருந்து பேசும் மகனிடம் அவள் சொன்னதெல்லாம் முதுகு வலி மட்டும்தான்.

ஸியாத்துக்கு அங்கே பணக்காரர்களின் வீட்டு முற்றங்களைச் சோடிக்கும் வேலை. “உம்மா, நீங்க இனிக் கூட்டவே வேணாம்” என்றான். “வாசல் முழுக்கக் கிரவல் போடுங்க. புல்லும் மொளைக்காது, கூட்டவும் தேவல்ல. செலவுக்கு நான் சல்லி அனுப்புறன்.”

அவன் சொன்னது இங்கிலீசுக் கிரவல், அதாவது கூழாங்கல். அவள் காதில் விழுந்தது நம்முடைய கிறவல். கிறவல் என்றால் புத்தளத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும், ரோட்டுக்குப் போடும் சிவப்பு மண். ஸக்கியாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது. ரோட்டுக்குப் போடுகிற மண்ணென்றால் ரோடு போலத்தானே இறுகும், ரோட்டில் கதிரை ஓடாதா? சொல்லாமலே பிள்ளை விளங்கிக்கொண்டானே என்று அன்றைக்கெல்லாம் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு.

மதுரங்குளிப் பக்கத்து டிப்பர்காரன் நிக்கொலஸ் இரண்டு லோட் கொண்டுவந்து கொட்டினான். பரப்பி, தண்ணீர் அடித்து, கட்டையால் மூன்று நாள் இடித்தார்கள். நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. ஸக்கியா புருஷனைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சாரம் உடுத்தி, அத்தர் பூசி, கதிரையை இறக்கினாள். ஒரு கையால் தள்ளினாள், போனது. கேற்றடியில் காத்து நின்றவர்கள் ஸலாம் சொல்லிக் கதிரையை வாங்கிக்கொண்டார்கள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

திரும்பி வந்த ஸலாஹுதீன் ஒரு மணித்தியாலம் வாய் மூடவில்லை. மௌலவி தேவையில்லாமல் சத்தம் போடுகிறாராம், விசிறி ஒன்று சுற்றவில்லையாம், பாய்களைக் காயப்போட்டே பல நாளாம். பதினொரு மாதத்துக் குறையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மீன் ஆணத்தோடு இரண்டு தரம் சோறு கேட்டார். அடுத்த வெள்ளியும் போனார்.

மூன்றாம் கிழமை ஸியாத் வீடியோவில் வந்தான்.

“உம்மா! என்ன இது, ரோட்டுப் போட்டு வெச்சிரிக்கீங்க?”

“நீதானே மகன் கிறவல் போடச் சொன்ன.”

“நான் சொன்னது கிரவல் உம்மா!”

“அதத்தானே நானும் சொல்றன், கிறவல்.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு மகன் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: “மாரி வந்தாச் சேறாகும் உம்மா. வீடெல்லாம் செவக்கும். முந்தியவிட மூணு பங்கு கூட்டிக் கழுவணும்.” அவன் சொன்னதில் பிழையில்லை. தான் போட்ட முற்றம் ஒன்றையும் காட்டினான். வெள்ளைக் கூழாங்கல், அதன்மேல் ஒரு பெரிய கார் கடகடவென்று ஏறி வந்து நின்றது. ஸக்கியா காரையே பார்த்தாள். கார் ஓடுகிற கல்லில் கதிரை ஓடாமலா போகும்?

அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். ‘வாப்பா இதுலதான் ஜும்ஆவுக்குப் போறாரு மகன், இத விட்டிரு’ என்று ஒரு வார்த்தை போதும். உள்ளே கட்டிலில் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்த மனுசனாவது சொல்லியிருக்கலாம். இருவரும் சொல்லவில்லை. பிள்ளை ஆசைப்பட்டுச் செய்வதில் குறை பிடிக்கக் கூடாதாம். இந்தப் பெரிய மனசுகளை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

ஸியாத் நேரடியாக நிக்கொலஸோடு பேசிவிட்டான். நிக்கொலஸ் பெக்கோ இயந்திரத்தோடு வந்தான். “நல்லா இறுகின தரை அம்மா, கிண்டவும் மனசில்ல. ஆனா செவப்பு ஊறுமாம், வெட்டி எடுக்கச் சொல்லிட்டார் மகன்” என்றான். மூன்று நாள் இடித்ததை ஒரு மணித்தியாலத்தில் வழித்து எடுத்தான். மணலின்மேல் கறுப்புப் பொலித்தீன் விரித்து, நாலு விரல் உயரத்துக்கு உருண்டைக் கல் கொட்டிப் பரப்பினான். பார்க்க நுரைச்சோலையிலிருந்து கூட ஆட்கள் வந்தார்கள். உண்மையில் அழகுதான். கூட்ட வேண்டிய வேலை அன்றோடு ஒழிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. காரின் சக்கரம் எங்கே, கதிரையின் சின்ன முன்சக்கரம் எங்கே! முதல் உருட்டிலேயே கல்லுக்குள் மூக்கைக் குத்தி நின்றது. தள்ளத் தள்ளக் கல் முன்னால் குவிந்தது. ஸலாஹுதீன், “சரி, அடுத்த வெள்ளி பாப்பம்” என்றார். அடுத்த வெள்ளிக்கு ஸக்கியா இரண்டு பலகை தேடி வந்து போட்டாள். சாண் ஏற முழம் சறுக்கும் என்பது அவளுக்காகவே சொன்னது போலிருக்கிறது. பாதி வழியில் பலகை புரண்டது, கதிரை சாய்ந்தது, மனுசன் முகங்குப்புற விழுந்தார். பள்ளியில் தொழுகைக்குக் கை கால் கழுவி வுளுச் செய்துகொண்டிருந்தவர்கள் ஈரக் கையோடு ஓடி வந்தார்கள். நாலு பேர் அவரைத் தூக்கினார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“ஸியாத்துக்குச் சொல்லுவம். இந்தக் கல்ல அள்ளட்டும்” என்று ஸக்கியா அழுதாள்.

“வேணாம். கூட்டாளிமாருக்கெல்லாம் படம் காட்டியிருக்கான். நீ குனியாம இரிக்கிறாய், எனக்கு அது காணும், வேறொண்டும் வேணாம்.”

அவள் கேட்கவில்லை. மறுநாள் காலை, கதிரை போகும் அகலத்துக்கு மட்டும் ஒரு பாதை எடுப்போம் என்று மண்வெட்டியோடு இறங்கினாள். ஒரு வெட்டு அள்ளினால் இரண்டு பக்கத்துக் கல்லும் சரிந்து அதே குழியை நிரப்பியது. எட்டு அடி போவதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. தவழ்ந்து உள்ளே வந்தவள் நாலு நாள் எழும்பவில்லை. புருஷனும் பெண்சாதியும் அடுத்தடுத்த கட்டிலில் கிடக்க, சாரா உம்மா என்ற அயல்காரிதான் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள்.

சாரா உம்மாவின் புருஷன் நெய்னாருக்குச் சீனி வியாதியில் ஒரு கால் எடுத்திருந்தார்கள். அவர்கள் வீடு ரோட்டோரம், கேற்று வரைக்கும் சீமெந்து. கஞ்சிக் கோப்பையை வாங்கிக்கொண்டே ஸலாஹுதீன் அவளிடம் சொன்னார்: “தங்கச்சி, அந்தக் கதிரையக் கொண்டு போங்க. இங்க சும்மா கெடந்து துருப்பிடிக்கிது.”

ஸக்கியா பக்கத்துக் கட்டிலில் எல்லாவற்றையும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் பாங்கு சொன்னார்கள். ரோட்டில் சக்கரம் போகும் சத்தம் கேட்டது.

“ஆரு போறது?” என்றார் ஸலாஹுதீன்.

“நெய்னார் காக்கா.”

“நேரத்தோட போறாரு” என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஸியாத்தின் அழைப்பு வந்தது. வெள்ளி அவனுக்கு லீவு. “உம்மா, வாசலக் காட்டுங்களேன், கூட்டாளிமார் பாக்கணுமாம்.” ஸக்கியா கதவு நிலையைப் பிடித்தபடி நின்று போனைத் திருப்பினாள். வெயிலில் கல்லெல்லாம் பளிச்சென்று கிடந்தது. ஒரு இலை இல்லை, ஒரு புல் இல்லை. அங்கே பையன்கள் கைதட்டுவது கேட்டது.

“வாப்பா எங்க, உம்மா?”

ஸக்கியா போனைத் தன் பக்கம் திருப்பினாள். “ஜும்ஆவுக்குப் போயிட்டாரு மகன்” என்றாள்.

அறைக்குள் ஸலாஹுதீன் தலையணைத் துணியைப் பல்லில் கடித்து இருமலை அடக்கிக்கொண்டு கிடந்தார்.