குமிழி விடப் பழகியது

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன பிறகு, வீட்டில் தூக்குகிற வேலையெல்லாம் என்னுடையதாயிற்று. கட்டிலிலிருந்து வீல்சேருக்கு, வீல்சேரிலிருந்து கழிவறைக்கு, அங்கிருந்து மறுபடி வீல்சேருக்கு. அவர் ஓங்குதாங்கான ஆள். நான் அவர் தோளுக்குக்கூட எட்டமாட்டேன். கிள்ளானில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுத்தான் இதைச் செய்தேன். இரண்டாவது வருஷம் என் இடது தோள் இறுகிப்போனது. ரவிக்கைக் கொக்கி மாட்டக் கை பின்னால் போகவில்லை. தலை வாருவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அவரைப் பிசியோவுக்குக் கூட்டிப்போகும் இடத்திலேயே என் தோளையும் காட்டினேன். அங்கே இருந்த இளம்பெண் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆன்டி, உங்க அப்பார்ட்மெண்ட்ல பூல் இருக்குதானே?" என்று கேட்டாள்.

"இருக்கு. பழசு."

"போதும். சுவத்த பிடிச்சிக்கிட்டு, முகத்த தண்ணில போட்டு, சும்மா மிதங்க. தோள் தன்னால இளகும்."

"முகத்தையா?"

"ஆமா ஆன்டி. தலைய தூக்கி வச்சிருந்தா கழுத்தும் சேர்ந்து பிடிச்சிக்கும்."

நான் சிரித்து மழுப்பினேன். அவளிடம் என்னவென்று சொல்வது? குளிக்கும்போது கழுத்துக்குக் கீழேதான் நான் தண்ணீர் ஊற்றுவேன். முகத்தை ஈரத்துண்டால் துடைத்துக்கொள்வேன். தலைக்கு ஊற்ற வேண்டுமென்றால் பின்னால் சாய்ந்துகொண்டு, ஒரு சொட்டும் நெற்றியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வேன். காரணம் கேட்டால் சொல்லும்படி பெரிய கதை ஒன்றும் இல்லை. சிறுவயதில் அம்மா சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றும்போது நிறுத்தவே மாட்டாள். மூச்சுக்குத் தவித்துக் கத்துவேன். கத்துவதற்குத் திறந்த வாயிலும் தண்ணீர் போகும். அவ்வளவுதான். அது ஏன் ஐம்பது வயதுவரை கூடவே வந்தது என்று எனக்குத் தெரியாது.

பூச்சோங்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியில், காரின் பின்சீட்டில் அவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். வாய் ஒரு பக்கம் கோணியதிலிருந்து அவருக்குப் பேச்சு குழறும். ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும்.

"உனக்கு... பயமா?"

"ம்."

"எனக்கு... தெரியாதே."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனிதர். நான் துண்டால் முகம் துடைப்பது அழகுக்காக என்று நினைத்திருந்தாராம். அவரோ ரவாங்கில், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டைகளில் குதித்து வளர்ந்தவர். தண்ணீருக்குப் பயப்பட ஆள் உண்டு என்பதே அவருக்கு விளங்கவில்லை.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில், மலாய்ப் பெண்கள் அணிகிற மாதிரி முழுக்கை நீச்சலுடை ஒன்று வாங்கினேன். காலையில் அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டுக் கீழே போவேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குனிவேன். தாடை நனையும். உதடு நனையும். மூக்கு நுனியில் தண்ணீர் பட்டதும் உடம்பு தானாகவே நிமிர்ந்துகொள்ளும். நான் நிமிரச் சொல்லவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முகம் நனையாமலேயே மேலே வந்து, ஈர உடையை அலசிப் போட்டுவிட்டுச் சமைப்பேன். வாரக்கணக்கில் இப்படியே போனது. ஒருநாள் லிஃப்டில் நிற்கும்போது, இதையும் ஒரு வேலையாக எதற்கு இழுத்துப் போட்டுக்கொண்டோம் என்று அலுத்துப்போனது. மறுநாள் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய பேச்சுப் பயிற்சிக்கு வரும் சீனப்பெண் புதிதாக ஒன்று சொல்லிக்கொடுத்தாள். கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, உறிஞ்சாமல் ஊத வேண்டும். குமிழி நிற்காமல் வர வேண்டும். உதடும் மூச்சும் பலப்படுமாம். அவர் ஒரு தடவை ஊதினார். ஸ்ட்ரா வாயிலிருந்து நழுவி, எச்சில் சட்டையில் வழிந்தது. இடக்கையால் கிளாஸைத் தள்ளிவிட்டார்.

"சின்னப் பிள்ள... வேலை."

அவள் போன பிறகும் தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தத் தெம்பும் இல்லை. மேஜையைத் துடைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நீயும்... ஊது."

"நான் எதுக்கு?"

"பேசின்... கொண்டா. நீ அதுல. நான்... இதுல."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முகத்தில் விளையாட்டு இல்லை. காய்கறி கழுவுகிற பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் பிடித்து, சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். குனிந்தேன். உதடு பட்டதும் ஊதினேன். தண்ணீர் பொங்கி மேஜையெல்லாம் தெறித்தது. நான் பதறி நிமிர, அவர் ஸ்ட்ராவைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு ஊதினார். இரண்டு மூன்று குமிழி வந்தது. உடனே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. கோணல் வாயோடு, சத்தம் போட்டு. நோய் வந்ததற்கப்புறம் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலைக் காப்பி முடிந்ததும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஊதினோம். வாயால் ஊதுவது எனக்கு வந்துவிட்டது. மூக்குத்தான் இடறியது. அவர்தான் வழி சொன்னார்.

"ம்ம்ம்-னு... சொல்லு. சொன்னா... மூக்குல காத்து வரும். தண்ணி... போகாது லா."

அந்த 'ம்ம்ம்' மட்டும் அவருக்குக் குழறாமல் வந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு மூக்கைத் தண்ணீரில் வைத்தேன். மூக்கோரம் குமிழி கிச்சுக்கிச்சு மூட்டியது. தண்ணீர் உள்ளே போகவில்லை. பிறகு கன்னம், கண், நெற்றி. பேசினின் அடியில் ஒரு கொத்தமல்லி இலை ஒட்டியிருந்ததைக் கண்ணைத் திறந்து பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரையும் பூலுக்குக் கூட்டிப்போனேன். ஓரத்தில், குடை நிழலில் வீல்சேரை நிறுத்திப் பிரேக் போட்டேன். தண்ணீரில் இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, 'ம்ம்ம்' என்று சொல்லியபடி முகத்தைப் போட்டேன். காதும் மூழ்கியது. என் குரல் மட்டும் தலைக்குள் கேட்டது. அவர் கூப்பிடுவது கேட்கவில்லை, குக்கர் கேட்கவில்லை, மேல்மாடியில் எப்போதும் துளைபோடுகிற சத்தம் கேட்கவில்லை. கால்கள் மெல்ல மேலே வந்தன. தோள் என்னை விட்டுப் போவதுபோல இளகியது. மூச்சு தீர்ந்தது. நிமிர்ந்து ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமலேயே மறுபடி போட்டேன். எழுந்திருக்க மனசே வரவில்லை.

கடைசியில் எழுந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. இடக்கையால் வீல்சேரை உலுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க? என்னாச்சு?"

"கூப்பிட்டேன்... நீ... வரல. நான்... எப்படி... குதிக்க?"

கண் கலங்கியிருந்தது. கரையேறி, ஈரக் கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. கொஞ்ச நேரம் கிடைத்த அமைதிக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று. அப்புறம் அதுவும் போய்விட்டது.

"இனிமே முகத்தப் போட்டா, ஒரு கைய மேல தூக்கிக் காட்டறேன். சரியா?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரி. மறுபடி... போடு."

மாதங்கள் ஆயின. கொக்கி இப்போது என் கையாலேயே மாட்டுகிறேன். அவர் பேச்சு ஜொகூரில் இருக்கும் மகளுக்கு ஃபோனில் ஓரளவு புரிகிறது. தூக்குவதும் இறக்குவதும் அப்படியேதான் இருக்கின்றன. காலையில் எழும்போதே களைப்பாகத்தான் எழுகிறேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறோம்.

போன வாரம் சுவரை விட்டுப் பார்த்தேன். கை தூக்கிக் காட்டிவிட்டு, முகம் கீழே, கைகளை நீட்டி, தண்ணீர் கொண்டுபோன இடத்துக்குப் போனேன். ரொம்ப தூரமில்லை. கால் ஊன்றி எழுந்து பார்த்தால் பூலின் நடுவில் நிற்கிறேன். தண்ணீர் மார்பளவு. அவர் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தீங்களா?" என்றேன்.

"பார்த்தேன். வா... போலாம். பசிக்குது."

கரைக்கு நடந்தே வந்தேன்.