லூபோரின் திரை

சவப்பெட்டியின் முன்னால் திரையை மூடுகிற பொத்தானை எங்கள் தகன மண்டபத்தில் யாருமே மனமொப்பி அழுத்தியதில்லை. மண்டபப் பணியாளர் ஒத்திலியே என்பவள் தன் சொந்தத் தாய்க்கும் அதை அழுத்தியவள். அதன் பிறகு நெடுநாள் வேலைக்கே வரவில்லை. நான் அங்கே இரங்கல் உரை வாசிக்கிறவன். எனக்கு நாக்குக்கு மட்டும்தான் வேலை.

லூபோர் சர்க்கரை ஆலையில் மின்பணியாளன், வாய் ஓயாதவன். தொண்ணூற்று மூன்றில் ஒரு பழைய அட்டாரி கணினியைத் தூக்கிவந்து, மின் ஆர்கனையும் திரை மோட்டாரையும் அதோடு இணைத்தான். பாட்டு முடிந்ததும் திரை தானாக மூடும்.

"இனிமே யார் கையும் அந்தப் பாவத்தைச் செய்ய வேணாம்க்கா," என்றான் ஒத்திலியேயிடம்.

"நடுவுல மக்கர் பண்ணினா?"

"அது என் பெண்டாட்டி ஹெட்விகா மாதிரி. முணுமுணுக்கும், ஆனா வேலை நிக்காது."

பீர்க்கடையில் எனக்கும் விளக்கினான். கணினிக்குள் இரண்டு தளங்கள். சாதாரண நிரல் கீழ்த்தளத்தில் ஓடும். ஆர்கனையோ மோட்டாரையோ தொட மேல்தளத்துக்குப் போகவேண்டும். பாதியில் விட்ட வேலைகளை அடுக்கி வைக்க ஒவ்வொரு தளத்துக்கும் தனி அடுக்கு உண்டு. மேலே விடும்படி இயங்குதளத்தைக் கேட்டால், அது மேலே ஏற்றிவிட்டு, மேல் அடுக்கு முன்பு இருந்த இடத்தின் முகவரியைக் கையில் தரும். இறங்கும்போது அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

"நாடகக் கொட்டகையில கோட்டைக் கழட்டிக் குடுத்தா நம்பர் போட்ட வில்லை தர்றாங்கல்ல, அதேதான். வில்லை தொலைஞ்சா கோட்டு கிடைக்காது."

"அந்த வில்லையை எங்க வைப்ப?"

"ஒரே இடத்துலதான். பாட்டும் திரையும் ஒரே நேரத்துல மேல போறதே இல்லையே."

உண்மைதான். எங்கள் சடங்கில் பாட்டு ஓய்ந்த பிறகுதான் திரை நகரும். இரண்டு குளிர்காலம் அது பிசகவே இல்லை.

வசந்தத்தில் ஹெட்விகா சிறுநீரகம் கெட்டு இறந்தாள். "சத்தமே இல்லாம மட்டும் என்னை அனுப்பிடாத," என்று கேட்டிருந்தாளாம். அவளுக்காக லூபோர் நிரலை மாற்றினான். திரை மூடி முடியும்வரை பாட்டு ஓடவேண்டும்.

நான் உரையை முடித்தேன். அவளுக்குப் பிடித்த வால்ட்ஸ் நடனப் பாட்டு தொடங்கியது. திரை ஒரு முழம் நகர்ந்து நின்றது. ஆர்கன் ஒரே சுரத்தில் சிக்கி ஊளையிட்டது. சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. உள்ளே ஓடிய ஒத்திலியே வெளிறிப்போய் என்னிடம் வந்தாள்.

"தம்பி, கணினியில வரிசையா வெடிகுண்டுப் படம் நிக்குது." நிரல் செத்துப்போனால் அட்டாரி காட்டுகிற படம் அது.

முன்வரிசையில் இருந்த லூபோர் எழுந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே, என்ன நடந்தது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. "பாட்டு மேல இருக்கும்போதே திரையும் போயிருக்கு," என்றான் என்னிடம். "முதல் வில்லை மேல ரெண்டாவதை வச்சு அழிச்சிட்டேன். இறங்க வழியில்ல." எனக்கு அந்தப் பெட்டியை எட்டி உதைக்கவேண்டும்போல ஆத்திரம் வந்தது.

"நீ உக்காரு. நான் அழுத்துறேன்," என்றாள் ஒத்திலியே.

"வேணாம்க்கா. உங்க கைக்கு இது வேணாம்னுதானே இவ்வளவும் செஞ்சேன்."

அந்தப் பழைய பொத்தானில் விரலை எடுத்தால் திரை நின்றுவிடும். மோட்டாரோ மெதுவானது. மனைவியின் பெட்டியைப் பார்த்தபடியே அவன் அழுத்திக்கொண்டு நின்றான். ஊளையைத் தாங்காமல் ஆர்கனை அணைக்கப் போனேன்.

"அதைத் தொடாதீங்க," என்றான் லூபோர். "அவ இன்னும் போய்க்கிட்டிருக்கா."