மகளின் ஆன்டிபாடிக்கு ஒரு சுவரொட்டி

பிள்ளைகளா, ஆட்டின் மண்ணீரலைத்தான் எங்கள் பக்கம் சுவரொட்டி என்போம். ரத்தம் குறைந்தவர்களுக்கும் பிள்ளை உண்டானவர்களுக்கும் சுட்டுக் கொடுப்பது. அது ஆராய்ச்சிக்கும் வேண்டும் என்று என் மகள் சொன்ன நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

மகள் காரைக்குடியில் ஆட்டு நோய்களைப் பற்றி ஆராய்கிறாள். உடம்புக்குள் வரும் கிருமிகளை விழுங்கும் செல்களுக்கு மேக்ரோபேஜ் என்று பெயர். அவற்றில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து உண்டு. மோனோக்ளோனல் ஆன்டிபாடி என்கிறார்கள். அதோடு சாயம் சேர்த்தால் மைக்ராஸ்கோப்பில் அந்தச் செல்கள் மட்டும் பச்சையாக ஒளிரும். மண்ணீரலில் அவை ஏராளம் என்பதால், மருந்து நல்லதா என்று முதலில் அதில்தான் சோதிப்பார்களாம். அவளிடம் இருந்ததோ விரல்நுனி அளவுக் குப்பியில் கொஞ்சம். வீணாகிவிட்டால் மறுபடி வர மாதக்கணக்காகும். வேலை அப்படியே நின்றுவிடும்.

எங்கள் ஊர் கொத்தமங்கலத்தில் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

"சுவரொட்டியா? வீட்டுல யாருண்ணே உண்டாகியிருக்கா?"

"யாரும் இல்லப்பா. மகளுக்கு."

கடையே திரும்பிப் பார்த்தது. கல்யாணமாகாத பெண்! "ஆராய்ச்சிக்குய்யா!" என்று கத்தினேன்.

"அதுல ஆராய என்ன இருக்கு? மிளகு போட்டுச் சுட்டா முடிஞ்சுச்சு."

வீட்டுக்கு வந்து நான் குளித்து முடிப்பதற்குள் மனைவி அதை ஐஸ் டப்பாவில் வைத்துத் தயாராக நின்றாள். டவுன் பஸ் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

சில நாள் கழித்து மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, எல்லாமே பச்சையா இருக்கு!"

"நல்லதுதானேத்தா?"

"என்ன நல்லது? மருந்தே போடாத துண்டும் மினுங்குது. கறிய என்ன பண்ணுனீக?"

என் மனைவி அடுப்படியிலிருந்து நிதானமாகச் சொன்னாள்: "துண்டு போட்டு, மஞ்சத் தடவி அலசித்தேன் குடுத்தேன். படிக்கிற இடத்துக்குக் கவிச்சியோடவா அனுப்புவாக?"

"அம்மா! அந்த லைட்டுல மஞ்சளும் பச்சையாத்தேன் ஒளிரும்!" மகளுக்கு அழுகை வந்துவிட்டது. இன்னொரு சோதனையும் சறுக்கினால் அவள் வேலைக்குக் குப்பியில் மிச்சம் இருக்காது.

அடுத்த ஞாயிறு மறுபடி அதே கடை. "இன்னும் ரத்தம் ஊறலையா பிள்ளைக்கு?" என்றார் கடைக்காரர். அவர் தண்ணீர் ஊற்றி அலசப் போனதைத் தடுத்து, கையோடு கொண்டுபோன ஐஸ் டப்பாவில் வைத்து, வீட்டுப்பக்கமே போகாமல் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் பிள்ளையார்பட்டிக்கு விரதமிருந்து போகிறவர். "கோயிலுக்குப் போற ஆளு பக்கத்துலயா இதைக் கொண்டாந்து வைப்பீக?" என்று அவர் பேசிய பேச்சில், எழுந்து காரைக்குடி வரை நின்றுகொண்டே போனேன்.

அந்த வாரக் கடைசியில் மகள் பேசினாள். "அங்கங்க புள்ளி புள்ளியாத்தேன் பச்சை இருக்குப்பா. மருந்து போடாத துண்டு ஒரே இருட்டு. ஆன்டிபாடி நல்லதுதேன். மிச்சம் என் வேலைக்குப் போதும்."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. முழுதாக விட்டு முடிப்பதற்குள், "இனி நுரையீரல் வேணும்ப்பா, சளி கட்டுன ஆடா இருந்தா ரொம்ப நல்லது" என்றாள்.

அந்தக் கடைக்காரரிடம் போய்ச் சளி பிடித்த ஆடு கேட்க என்னால் ஆகாது. போனை அவள் அம்மா கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.