அறிவிப்பு வராத காய்ச்சல்

நவம்பர் ஒன்பதாம் நாள். விடிந்தது முதல் தூறல் விட்டபாடில்லை. மருந்துக் கிடங்கின் காப்பாளர் குடையை மடக்கிச் சாத்திவிட்டுப் பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்தார். அந்தப் பழக்கத்தால் அலுவலகத்தில் அவருக்குப் ‘பூட்டு’ என்றே பெயர்.

உள்ளே, பறவைக் காய்ச்சல் மனிதரிடையே பரவினால் கொடுப்பதற்கென்று பல நாடுகள் சேர்ந்து அனுப்பிய மாத்திரைகள் கூரை முட்டக் கிடந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்பு எழுத்து: ‘பெருந்தொற்று அறிவிக்கப்பட்ட பின்னரே திறக்கவும்.’

அவருடைய மைத்துனன் கோழிக்கடையில் வேலை பார்ப்பவன். வீட்டுக்கு வந்தால் வாய் சும்மா இராது. “என்ன மாமா, பெட்டிய இப்படி அடைகாக்குறீங்களே, எப்பதான் குஞ்சு பொரிக்கும்?”

“பொரிக்காம இருக்கிற வரைக்கும் உனக்கும் எனக்கும் நல்லதுடா.”

முந்திய வாரம் அந்தக் கடைக் கோழிகள் கூண்டோடு செத்தன. அடுத்து மைத்துனன் காய்ச்சலில் விழுந்தான். இதற்கு மாத்திரை உண்டு, ஆனால் தங்களிடம் இல்லை என்று மருத்துவமனையில் கையை விரித்தார்கள்.

அன்று பகலில் காப்பாளரின் மனைவி நனைந்தபடியே கிடங்கு வாசலுக்கு வந்து நின்றாள். “ஒரே ஒரு அட்டைங்க. அவனுக்கு மூச்சு வாங்குது.”

அவர் உள்ளே போய் அதிகாரிக்குத் தொலைபேசினார்.

“ஒரு ஆளுக்கு வந்தா அதுக்குப் பேரு பெருந்தொற்று இல்லைய்யா. பரவட்டும், அறிவிப்பு வரும், திறக்கலாம்.”

“அதுவரைக்கும் அவன் தாங்கணுமே, சார்?”

“பெட்டியில கை வெச்சா உன் வேலை தாங்காது.”

சாவி இடுப்பில்தான் தொங்கியது. வாசலுக்குத் திரும்பியவர், “மேலிடத்துல கேட்டிருக்கேன். நீ போய் அவன் பக்கத்துல இரு” என்றார். அவள் அதை நம்பிப் போனாள். சனிக்கிழமை தம்பியின் உடலோடு திரும்பினாள். அது பறவைக் காய்ச்சல்தான் என்ற பரிசோதனை முடிவு, அடக்கம் முடிந்தபின் நிதானமாக வந்து சேர்ந்தது. வேறு எவருக்கும் பரவவில்லை. ஆகவே அறிவிப்பும் வரவில்லை.

பின்னர்ப் பன்னாட்டு வல்லுநர் குழு வந்தது. முத்திரை உடையாத பெட்டிகளைத் தட்டிப் பார்த்து, ஆயத்தநிலை அருமை என்று பாராட்டிப் படம் பிடித்துக்கொண்டது. படத்தின் ஓரத்தில் பூட்டும் நின்றார்.

வீட்டில் சோறு தவறவில்லை, பேச்சுத்தான் நின்றுபோயிற்று. அவர் ஓய்வுபெற்ற ஆண்டில் ஒரு மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி முகம் திருப்பாமலே கேட்டாள்.

“அந்த மாத்திரையெல்லாம் கடைசியில யாருக்குக் குடுத்தீங்க?”

“யாருக்கும் குடுக்கல. தேதி முடிஞ்சுது, எரிச்சுட்டோம்.”