எதிர்மலைப் பாதை

வட்டவடைக்கு நோட்டும் பேனாவுமாக யார் வந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். எங்கள் பூண்டுக்காட்டுக்குப் பட்டா கிடையாது. மலையேற்றப் பாதைகளைப் பற்றிப் புத்தகம் எழுதுவதாகச் சொல்லி என் ஜீப்பில் ஏறியவரையும் நான் நம்பவில்லை. புத்தகம் எழுதுகிறவருக்கு யார் காடு எதுவரை என்ற கணக்கெல்லாம் எதற்கு? நிலம் அளக்க வந்த ஆள்தான் என்று முடிவுகட்டினேன்.

எங்கள் காட்டை ஒட்டிப் போகும் பாதையைக் காட்டி, "இது எங்க போகுது?" என்று கேட்டார்.

"அது பாதியில முடிஞ்சிரும் சார். எதிர்மலையில ஏறுங்க, அதான் நல்ல வழி" என்றேன்.

அது அட்டைக்கடி வழி. ஊரில் யாரும் ஏறுவதில்லை. நானும் ஏறியதில்லை.

போன மாதம் ஒரு பயணி ஜீப்பில் அந்தப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். மனுஷன் நிஜமாகவே எழுதியிருக்கிறார்! எதிர்மலைக்கு வரைபடத்தோடு நான்கு பக்கம். அதன் பிறகு, உச்சியிலிருந்து எடுத்த பெரிய வண்ணப்படம். காவல் குடிசையிலிருந்து கடைசி வரப்புவரை, எங்கள் பூண்டுக்காடு தட்டுத் தட்டாக விரிந்து கிடந்தது.

"இந்த இடத்துலதான் நின்னு பார்க்கணும்ணே" என்றார் பயணி. "அதுக்குத்தான் எல்லாரும் வர்றாங்க."