பச்சைக் கட்டத்துக்குள் ஒரு பள்ளத்தாக்கு

மூன்று வருடங்களுக்கு முன், கோடம்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் நடந்தது இது. தரமணியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை. மலைப் பள்ளத்தாக்குகளில் புகை எங்கே தங்கும், எப்போது கலையும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேலையைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்வேன், அது என் குணம்.

கீழ்வீட்டு அண்ணன் சினிமாவில் லைட்மேனாக இருந்தவர். நுரையீரல் கெட்டு, நாலு படி ஏறினாலே இரைக்கும். இந்தத் தூசியை விட்டுப் போகச் சொல்லிவிட்டார் டாக்டர். மலையூரில் கட்டிக்கொடுத்த மகளும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஐப்பசியில் ஒரு நாள் என்னிடம் வந்து, “அங்க காத்து எப்டி கீதும்மா? நீ சொன்னா சரி” என்றார். லேப்டாப்பைத் திறந்து, வரைபடத்தில் அந்த ஊர் இருந்த கட்டத்தைக் காட்டினேன். பச்சையாக இருந்தது. “சுத்தமான காத்துண்ணே, தைரியமா போங்க” என்றேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு அவரும் அண்ணியும் கிளம்பினார்கள்.

போனதிலிருந்து தினமும் காலையில் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். எழுத்து ஒன்றும் இருக்காது. எல்லாரும் அனுப்புகிற குட்மார்னிங் படம்தான் என்று திறக்காமலே விட்டேன்.

தை பிறந்ததும் அவர் இறந்த செய்தி வந்தது. மூச்சுத் திணறல். காரியம் முடிந்து வீட்டைக் காலி செய்ய வந்த அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“காலைல பொகை கீழயே நிக்குதுன்னு உனுக்கு போட்டோ அனுப்பிக்கினே இருந்தாரே, பாத்தியாம்மா? நீ திரும்பி வரச் சொன்னா கெளம்பிடலாம்னாரு. போன் பண்றேன்னா, ஆபீஸ் போற பொண்ணு, தொந்தரவு பண்ணாதன்னுட்டாரு.”

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

அன்றுதான் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒரே ஜன்னலிலிருந்து எடுத்தவை. மலையுச்சியில் வெயில், கீழே ஊரின் மேல் சட்டிக்கு மூடி போட்ட மாதிரி விறகுப் புகை. குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தங்கிவிட்டால் புகை மேலே எழும்பாது. இதை நானே வகுப்பெடுக்கிறேன். நான் காட்டிய கட்டமோ பல கிலோமீட்டர் அகலம். உச்சியையும் பள்ளத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்துப் பச்சை காட்டியது. தெரிந்திருந்தும், கேட்டவர் முன் கெட்டிக்காரியாக நின்றேன்.

இப்போது கட்டங்களைச் சிறிதாக்கிவிட்டோம், கணக்கு சரியாக வருகிறது. ஆனால் “வந்துடுங்கண்ணே” என்று அனுப்ப எனக்கு இரண்டு மாதம் முழுசாக இருந்ததே என்ற நினைப்பு வராமல் ஒரு காலைகூட எனக்கு விடிவதில்லை.