எல்லோரும் ஆடிய பட்டாளக்காரன் பாட்டு

நேற்று கொச்சி வைட்டிலாவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்ணின் போனில், ஒரு காலத்தில் நான் மேடையில் பாடிய அந்த ஆங்கிலப் பாட்டு கேட்டது. என் வலது கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. அறுபத்தெட்டு வயதுக் கால், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில் நாங்கள் நாலு பேர் ஒரு ராக் கோஷ்டி வைத்திருந்தோம். பகலில் நான் சுக்குக் கிடங்கில் குமாஸ்தா. சாயங்காலம் அதே சுக்கு வாசனையோடு பாடகன். கப்பல்காரர்கள் கொண்டுவரும் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டு, வரிகளை மலையாள எழுத்தில் எழுதிக்கொள்வேன். அர்த்தம் யாருக்கு வேண்டும்? வேகமாக இருந்தால் கல்யாண வரவேற்புக்கு ஆகும்.

டிரம்ஸ் வாசித்தவர் ராகவன் சேட்டன், எங்களுக்கு அண்ணன் மாதிரி. பாலக்காட்டுத் தமிழர், எழுபத்தொன்று யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர். எங்கேயும் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காரமாட்டார். அதனாலேயே மூன்று வேலை போயிற்று. டிரம்ஸுக்கு முன்னால் மட்டும் அடங்கி உட்காருவார். சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: "பட்டாளத்துச் சமாச்சாரம் யார்ட்டயும் பறையாதே. இங்கே நான் வெறும் கொட்டுக்காரன், கேட்டியா?"

ஒருநாள் ஒத்திகையில் அந்தப் பாட்டைப் பாடி முடித்ததும் அவரே கேட்டார்: "என்ன பாடறேன்னு உனக்குத் தெரியுமோடா?"

பட்டாளத்தில் ஆங்கிலம் பழகியவர், அர்த்தம் சொன்னார். யுத்தத்திலிருந்து திரும்பியவனிடம் ஊரே எத்தனை பேரைக் கொன்றாய் என்று கேட்கிறது. அவன் பதில் சொல்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடக்கிறான். இதற்கா இத்தனை கல்யாணங்களில் ஆடினார்கள்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சிலிர்ப்போடு நிறுத்தியிருக்கலாம், பாவி.

அடுத்த ஞாயிறு போர்ட் கொச்சியில் ஒரு கல்யாணம். இது பட்டாளக்காரனின் பாட்டு, டிரம்ஸ் வாசிப்பவரும் யுத்தம் பார்த்து வந்த பட்டாளக்காரர்தான் என்று மைக்கில் அறிவித்தேன். ஒரே கைதட்டல். பெருமை தாங்கவில்லை எனக்கு. கிடார் மட்டும் ஒலிக்கும் இடத்தில் மாப்பிள்ளையின் மாமா கிளாஸும் கையுமாக மேடையருகே வந்து, சிரித்துக்கொண்டே கேட்டார்: "சேட்டா, எத்ர பேரெக் கொன்னு?"

சேட்டன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். வாசல்வரை பின்னாலேயே ஓடினேன். "சேட்டா, தெரியாம சொல்லிட்டேன்..."

"தெரிஞ்சுதானேடா சொன்னே," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. படகுத்துறைப் பக்கம் நடந்து போனார். மறுநாள் போய்ப் பார்த்தால் அறை காலி. எங்கே போனார் என்று இன்றுவரை தெரியாது.

கிடங்கு இப்போது ஹோட்டல். அவர் இருந்த சந்து முழுக்க டூரிஸ்டு அறைகள். கோஷ்டியும் கேசட்டும் எப்போதோ போயின. நேற்று அந்தப் பாட்டு வரிக்கு வரி புரிந்தது. ஒன்றும் புரியாமல் நான் பாடிக்கொண்டிருந்த நாட்களில்தான் அவர் எங்களோடு உட்கார்ந்திருந்தார்.